சன்னி பர்ஜஸும் பேசர்ஸும்: நியூபோர்ட் இசைக்குழு ஏன் நியூபோர்ட்டைத் தாண்டவில்லை?

#1 பழையதட்டு

ராக்கபில்லி (கன்ட்ரியும் ரிதம் அண்ட் ப்ளூஸும் கலந்த 1950-களின் ராக் அண்ட் ரோல்) என்று தொடங்கினால் நம் மன்றத்தில் எல்விஸ், கார்ல் பெர்கின்ஸ், ஜெர்ரி லீ லூயிஸ் என்ற மூன்று பெயர்களோடு பேச்சு நின்றுவிடுகிறது. டென்னஸி மாநில மெம்பிஸ் நகரின் இசைத்தட்டு நிறுவனமான சன் ரெக்கார்ட்ஸின் பழைய தொகுப்பு ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தபோது நடுவில் 'ரெட் ஹெடெட் உமன்' வந்தது. பாடியவர் சன்னி பர்ஜஸ், வாசித்தது அவருடைய பேசர்ஸ் குழு. ஆண்டு 1956. கழுத்து நரம்பு புடைக்கக் கத்துகிறார். பின்னால் ட்ரம்பெட் அலறுகிறது, பியானோ தன் பாட்டுக்கு ஓடுகிறது. எல்லோரும் ஒருவரையொருவர் இடித்துத் தள்ளிக்கொண்டு இரண்டு நிமிடச் சொச்சத்தில் வெளியேறிவிடுகிறார்கள்.

மற்றவர்கள் பாடிய அதே மெம்பிஸ் ஒலிப்பதிவு அறை, அதே சன் உரிமையாளர் சாம் பிலிப்ஸ், அதே காலம். அவர்களுக்கு உலகப் புகழ். இந்தக் குழுவுக்கோ ஆர்கன்சா மாநிலத்தின் நியூபோர்ட் என்ற சிற்றூர். ஏன்? அதிர்ஷ்டம் இல்லை, நிறுவனம் கவனிக்கவில்லை, திறமை போதவில்லை என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எனக்கு எதுவும் நிறைவாக இல்லை. தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

#2 தந்திக்கம்பி

ஊரிலிருந்து தொடங்கினால்தான் குழு புரியும்.

நியூபோர்ட், ஒயிட் ஆற்றங்கரையில் ஜாக்சன் கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) தலைநகர். 1950-களில் ஆறேழாயிரம் பேர் வாழ்ந்த ஊர். பருத்தி, நெல், ரயில் நிலையம், நெடுஞ்சாலை 67. மெம்பிஸ் சுமார் 90 மைல் தொலைவு. இப்படிப்பட்ட ஊரில் சில்வர் மூன், போர்கீஸ் ரூஃப்டாப் என்று ஆட்டமும் பாட்டும் நடக்கும் பெரிய கேளிக்கை விடுதிகள் எப்படி வந்தன? ஆர்கன்சாவில் மது விற்கலாமா கூடாதா என்பதை அந்தந்தக் கவுண்டி மக்களே வாக்களித்து முடிவு செய்வார்கள். ஜாக்சன் கவுண்டி அனுமதித்தது. கல்லூரி நகரமான ஜோன்ஸ்பரோ இருக்கும் கிரெய்க்ஹெட் கவுண்டி அனுமதிக்கவில்லை. சனிக்கிழமை மாலை எந்தப் பக்கம் கார்கள் ஓடியிருக்கும் என்று கடலூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அவர்களுக்குப் புதுச்சேரி தெரியும்.

குடிக்க வந்த கூட்டத்துக்கு ஆட வேண்டும். ஆட்டத்துக்கு இசை வேண்டும். இசைத்தட்டு போட்டால் போதாது. நள்ளிரவு தாண்டியும் நிற்காமல் வாசிக்கும் ஆட்கள் வேண்டும். அந்தத் தேவையில் பிறந்த குழு இது.

பர்ஜஸ் நியூபோர்ட்டை ஒட்டிய பண்ணைக் குடும்பத்துப் பிள்ளை. இளமையில் நண்பர்களோடு ராக்கி ரோட் ராம்ப்ளர்ஸ் என்ற பெயரில் நாட்டுப்புறக் கன்ட்ரி பாடல்களை வாசித்தார். ராணுவச் சேவை முடித்துத் திரும்பியபின் அதே நண்பர்கள் மூன்லைட்டர்ஸ் ஆனார்கள். பெயரைப் பார்த்தாலே சில்வர் மூனின் வாசனை வரும். 1955-இல் எல்விஸ் நியூபோர்ட்டுக்கு வந்து சில்வர் மூனில் பாடியபோது அவருக்கு முன்னால் மேடையேறியவர்கள் இவர்கள்தான். பியானோ வாசித்த கெர்ன் கென்னடியையும், சாக்ஸபோன் வாசித்த பங்கி கால்ட்வெல்லையும் தன்னோடு வருமாறு எல்விஸ் கேட்டதாக அந்த வட்டாரத்தில் சொல்வார்கள். இருவரும் போகவில்லை.

பிறகு சன் நிறுவனத்தின் வாசலுக்குப் போனார்கள். ஒலி இன்னும் நிறைவாக வேண்டும், ஆட்களைச் சேர்த்துக்கொண்டு வாருங்கள் என்றார் சாம் பிலிப்ஸ். ஜாக் நான்ஸும் ஜோ லூயிஸும் சேர்ந்தார்கள். பேசர் என்ற சிறு விமானத்தின் பெயரை எடுத்துக்கொண்டு பேசர்ஸ் ஆனார்கள். 1956 மே மாதம் ஒலிப்பதிவு. அதே ஆண்டு ஆகஸ்டில் தட்டு வந்தது. எண் சன் 247. ஒரு பக்கம் 'வி வான்னா பூகி', மறுபக்கம் நீங்கள் கேட்ட 'ரெட் ஹெடெட் உமன்'. இரண்டும் பர்ஜஸ் எழுதியவை. ஒரு லட்சத்தை நெருங்கி விற்றதாகச் சொல்வார்கள். ஒரு சிற்றூர்க் குழுவின் முதல் தட்டுக்கு அது சின்ன எண்ணிக்கை அல்ல.

#3 மேளம்58

எல்லாம் சரி. ஆனால் ட்ரம்பெட், பியானோ, ஆறு பேர். இதை ராக்கபில்லி என்று எந்தக் கணக்கில் சேர்க்கிறீர்கள்? ஒரு மின்சாரக் கிட்டார், ஒரு தாளக் கிட்டார், ஒரு டபுள் பேஸ். அவ்வளவுதான் ராக்கபில்லி. எல்விஸின் முதல் சன் தட்டுகளில் டிரம்ஸே கிடையாது.

#4 பேஸ்விரல்

மேளம்58, அந்த இலக்கணத்தை இன்று நாம் எழுதியிருக்கிறோம். 1956-இல் யாரும் அதைப் படித்துவிட்டு மேடையேறவில்லை.

நான் பேஸ் வாசிப்பவன் என்பதால் கீழிருந்து கேட்பேன். ஜானி ரே ஹப்பர்ட் வாசித்த டபுள் பேஸைக் கவனியுங்கள். தந்தியை இழுத்துவிட்டு விரல்பலகையில் உள்ளங்கையால் அறைவது ராக்கபில்லியின் உயிர்நாடி. தந்தி இழுபடும்போது சுரம், அறை விழும்போது தாளம். டிரம்ஸ் இல்லாத குழுவிலும் அதனால்தான் ஆட முடிந்தது. ஆறு பேர் கத்தும் இரைச்சலுக்குள்ளும் அந்த அறை கேட்கிறது.

அடுத்து எதிரொலி. மெம்பிஸில் யூனியன் அவென்யூ 706-ஆம் எண் கட்டடத்தில் இருந்த அறை சிறியது. சாம் பிலிப்ஸ் இரண்டு ஆம்பெக்ஸ் ஒலிநாடா இயந்திரங்களை வைத்திருந்தார். பாடுவது ஒன்றில் பதிவாகும்போதே இன்னொன்றின் வழியாகவும் ஓடும். அதில் பதியும் முனைக்கும் திரும்ப ஒலிக்கும் முனைக்கும் இடையே நாடா கடக்கும் நேரம், நொடியில் பத்தில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம். அந்தத் தாமத ஒலி மூலத்தோடு கலக்கும்போது குரல் சுவரில் பட்டுத் திரும்புவதுபோல் இருக்கும். மூன்று பேர் குழுவில் இந்த எதிரொலி காலி இடங்களை நிரப்பும். பேசர்ஸிடம் காலி இடமே இல்லையே! எதிரொலி போய் விழ இடமின்றி எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிகிறது. பழையதட்டு சொன்ன 'இடித்துத் தள்ளல்' இதுதான்.

அன்று தனித்தனியாகப் பதிந்து பிறகு கலக்கும் வசதி அங்கே இல்லை. எல்லோரும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் வாசிக்க வேண்டும். கிட்டார் அதிகமாக இரைந்தால், ஆள் தள்ளி நிற்பதோ சத்தத்தைக் குறைப்பதோதான் வழி. இவர்கள் குறைத்ததாகத் தெரியவில்லை.

#5 மேளம்58

உயிர்நாடி, குவியல் என்று அழகாகச் சொல்கிறீர்கள். என் காதுக்கு அது ஒழுங்கில்லாத வாசிப்பு. எல்விஸின் கிட்டார்காரர் ஸ்காட்டி மூரின் கிட்டாரில் ஒவ்வொரு சுரமும் தனியாக நிற்கும். இங்கே யார் எப்போது வாசிக்க வேண்டும் என்றே முடிவு செய்யவில்லை.

#6 பெண்டன்வில்வாசி

வணக்கம். வேலை காரணமாக ஆர்கன்சாவின் வடமேற்கு மூலையில் வசிக்கிறேன். இங்கே நம்மவர்கள் நிறையப் பேர். ஆனால் மாநிலத்தின் கிழக்குப் பக்கம் போகிறவர்கள் குறைவு. மலை இறங்கி டெல்டாச் சமவெளிக்கு வந்தால் கண்ணுக்கெட்டிய தூரம் நெல் வயல். தஞ்சாவூர்க்காரனான எனக்கு அதுவே போதுமான காரணமாக இருந்தது. பாட்டு பிறகு வந்த ஆர்வம்.

2009-இல் மாநிலச் சட்டமன்றம் நெடுஞ்சாலை 67-இன் ஒரு பகுதிக்கு ராக் அண்ட் ரோல் நெடுஞ்சாலை என்று பெயர் சூட்டியது. ஜாக்சன், லாரன்ஸ், ராண்டால்ஃப் கவுண்டிகள் வழியாகப் போகும் சாலை. அந்தப் பாதையில் வரிசையாக விடுதிகள் இருந்திருக்கின்றன. நியூபோர்ட்டுக்கு வடக்கே ஸ்விஃப்டனிலும் ஒன்று. எல்விஸ், ஜானி கேஷ், ஜெர்ரி லீ எல்லோரும் அந்தச் சாலையில் ஓடிப் பிழைத்தவர்கள்தான். சில்வர் மூனின் பழைய கட்டடம் 1987-இல் தீக்கிரையாகிவிட்டது. தேடிப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

மேளம்58-க்கு ஒரு வார்த்தை. அந்தக் குழு மேடையில் என்ன செய்தது என்று படித்தீர்களானால் ஒழுங்கு பற்றிய கேள்வி வேறு மாதிரி தெரியும். வாசித்துக்கொண்டே ஒருவர்மேல் ஒருவர் ஏறி மனிதக் கோபுரம் கட்டுவார்கள். மேடையிலிருந்து கூட்டத்துக்குள் குதிப்பார்கள். பர்ஜஸ் நீளமான கிட்டார் வயரை இழுத்துக்கொண்டு ஆடுகிறவர்கள் நடுவில் போய் நிற்பார். பூச்சி ஆட்டம் என்று ஒன்று: இல்லாத பூச்சி ஒன்றை ஒருவர் இன்னொருவர்மேல் வீசுவார், அது விழுந்தவர் உடம்பை உதறிக்கொண்டு துள்ளி, அடுத்தவர்மேல் வீசுவார். பர்ஜஸ் தலைமுடியை வெளுக்கப் போய் அது சிவப்பாகிவிட்டது. விடவில்லை மனிதர், சிவப்பு உடை, சிவப்புக் காலணி, சிவப்புக் கிட்டார் என்று அதையே தன் அடையாளமாக்கிக்கொண்டார். இதையெல்லாம் ஒத்திகை இல்லாமல் செய்ய முடியாது.

#7 நீலராகம்

விடுதிகளையும் சாலையையும் பேசுகிறோம். அந்த மண்ணில் முன்பே ஒலித்துக்கொண்டிருந்த இசையை யாரும் சொல்லவில்லையே.

ஆர்கன்சா டெல்டாவின் ஹெலினாவில் கே.எஃப்.எஃப்.ஏ. வானொலி 1941-லிருந்து 'கிங் பிஸ்கட் டைம்' நிகழ்ச்சியில் ப்ளூஸ் ஒலிபரப்பியது. ஹார்மோனிகாக் கலைஞர் சன்னி பாய் வில்லியம்சன் தினமும் வாசித்தார். மெம்பிஸுக்கு எதிர்க்கரையில் இருக்கும் வெஸ்ட் மெம்பிஸும் ஆர்கன்சாதான். ஹௌலின் வுல்ஃப் அங்கே வானொலியில் பாடியவர். மெம்பிஸின் டபிள்யூ.டி.ஐ.ஏ. நிலையம் 1940-களின் கடைசியில் முழுக்கக் கறுப்பின நேயர்களுக்கான நிகழ்ச்சிகளுக்கு மாறியது. சாம் பிலிப்ஸ் 1950-இல் கடை விரித்தபோது முதலில் பதிவு செய்தது இந்தக் கறுப்பினக் கலைஞர்களைத்தான். சன்னுக்கு முதல் பெரிய விற்பனை கொடுத்தது 1953-இல் ரூஃபஸ் தாமஸ் பாடிய தட்டு.

சட்டமும் வழக்கமும் மனிதர்களைத் தோல் நிறம் பார்த்துப் பிரித்துவைத்த ஊர்கள் இவை. வானொலி அலைக்கு மட்டும் யாரும் தனிவாசல் வைக்க முடியவில்லை. பண்ணை வீட்டு வெள்ளைக்காரப் பையன்கள் இரவில் அதைக் கேட்டே வளர்ந்தார்கள். பேசர்ஸின் ட்ரம்பெட்டும் பியானோவும் எங்கிருந்து வந்தன என்று மேளம்58 கேட்டால் அதற்கான பதில் இங்கேதான். மூன்று பேர் ராக்கபில்லியில் கன்ட்ரியின் பங்கு தூக்கலாகத் தெரியும். இவர்களிடம் ரிதம் அண்ட் ப்ளூஸ் நடனக்குழுவின் பங்கு தூக்கல். அவர்களுடைய தட்டில் கத்தலும் முழக்கமும் அதிகமாக இருப்பது அதனால்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். புகழும் பணமும் போய்ச் சேரவில்லை என்று பர்ஜஸுக்காக வருந்துகிறோம். ரூஃபஸ் தாமஸையும் அவர் காலத்துக் கறுப்பினப் பாடகர்களையும் எல்விஸுக்குப் பிறகு அந்த நிறுவனம் ஓரங்கட்டியது. வருத்தப்பட ஒரு வரிசை இருக்கிறது. பர்ஜஸ் அதில் முன்னால் நிற்கவில்லை.

#8 பழையதட்டு

நீலராகம் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. ஒரு லட்சத்தை நெருங்கி விற்ற தட்டுக்குப் பின் என்ன ஆயிற்று?

#9 தந்திக்கம்பி

வியாபாரக் கணக்கைப் பார்ப்போம்.

சன் ஒரு சின்னக் கடை. எல்விஸின் ஒப்பந்தத்தை 1955 நவம்பரில் ஆர்.சி.ஏ. நிறுவனத்துக்கு 35,000 டாலருக்கு விற்றார் சாம். அந்தப் பணத்தால்தான் மூச்சு விட்டார். ஒரு தட்டு ஓடத் தொடங்கினால் அதை அச்சடிக்கவும், நாடெங்கும் அனுப்பவும், வானொலி அறிவிப்பாளர்களைக் கவனிக்கவும் வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேரைத் தூக்கிவிட அவரிடம் ஆள் பலமும் இல்லை, பண பலமும் இல்லை. 1956 தொடக்கத்தில் கார்ல் பெர்கின்ஸ். பிறகு ஜானி கேஷ். 1957-இல் ஜெர்ரி லீ வந்ததும் கடையின் முழுக் கவனமும் அவர் பக்கம். ஆர்கன்சாக்காரர் பில்லி லீ ரைலியின் தட்டு நன்றாக நகர்ந்துகொண்டிருந்தபோது, ஜெர்ரி லீயின் புதிய தட்டுக்காக அதைக் கைவிட்டார்கள் என்று ரைலி கடைசிவரை பொருமினார்.

பர்ஜஸின் இரண்டாவது தட்டு 'ரெஸ்ட்லெஸ்', 1957. மூன்றாவதில் இருந்தது 'மை பக்கெட்ஸ் காட் எ ஹோல் இன் இட்', ஹேங்க் வில்லியம்ஸ் பாடிப் பரவியிருந்த பழைய பாட்டு. 1958-இல் ரிக்கி நெல்சனும் அதே பாட்டைப் பாடி வெளியிட்டார். ரிக்கி யார்? வாரந்தோறும் அமெரிக்காவின் வரவேற்பறைகளில் தொலைக்காட்சியில் தோன்றிய குடும்பத்துப் பிள்ளை. அவர் பக்கம் நாடு முழுவதும் பார்க்கும் திரை. இவர் பக்கம் நெடுஞ்சாலை 67. போட்டியே இல்லை.

ஆனால் இது பாதிதான். மறுபாதி குழுவுக்குள்ளேயே இருக்கிறது. டிரம்ஸ் வாசித்த ரஸ் ஸ்மித் ஜெர்ரி லீயிடம் போனார். ட்ரம்பெட்டை வைத்துவிட்டு நான்ஸ் டிரம்ஸில் உட்கார்ந்தார். சில காலத்தில் அவரும் ஜோ லூயிஸும் ஹெரால்ட் ஜென்கின்ஸ் என்ற பாடகரோடு சேர்ந்துகொண்டார்கள். ஹெலினாவில் வளர்ந்த அந்த ஜென்கின்ஸ்தான் கான்வே ட்விட்டி. கனடாவின் ஹாமில்டன் நகர விடுதி ஒன்றில் வாசித்துக்கொண்டிருந்த நாட்களில் ட்விட்டியும் நான்ஸும் சேர்ந்து 'இட்ஸ் ஒன்லி மேக் பிலீவ்' எழுதினார்கள். 1958-இல் அமெரிக்காவில் முதலிடம்!

கதை அங்கே நிற்கவில்லை. ஒன்டாரியோவில் இந்த முரட்டு இசைக்குக் கூட்டம் இருக்கிறது என்ற செய்தி தெற்கே பரவியது. ட்விட்டியின் பரிந்துரையில் ரோனி ஹாக்கின்ஸ் என்ற இன்னொரு ஆர்கன்சாக்காரர் போனார். அவரோடு டிரம்ஸ் வாசித்த பையன் ஆர்கன்சாவின் லெவான் ஹெல்ம். போன இடத்தில் கனடா இளைஞர்களைச் சேர்த்தார்கள். அந்த ஹாக்ஸ் குழு பிற்பாடு பாப் டிலனுக்கு வாசித்து, தி பேண்ட் என்ற பெயரில் உலகுக்குத் தெரிந்தது. நியூபோர்ட் வட்டாரம் வெளியே போகவில்லை என்று யார் சொன்னது? ஆட்கள் போனார்கள். பேசர்ஸ் என்ற பெயரும் பர்ஜஸும் ஊரில் இருந்தார்கள்.

#10 கறார்காது

இழையை முழுக்கப் படித்தேன். மன்னிக்கவும், தோற்றவர்களைத் தூக்கிவைத்துக் கொண்டாடும் பழக்கம் நமக்கு அதிகமாகிவிட்டது. தொகுப்புத் தட்டு விற்பவர்களும் ஐரோப்பியச் சேகரிப்பாளர்களும் கிளப்பிவிட்ட பெயர் இது. நல்ல பாட்டு இரண்டு இருக்கிறது, சரி. ஜானி கேஷுக்கு முப்பது இருக்கிறது. உலகம் சரியாகத்தான் தேர்ந்தெடுத்தது. பர்ஜஸின் பிற பதிவுகளைக் கேளுங்கள். பாதி, மற்றவர்கள் பாட்டின் சாயல். சொந்தமான குரல் இருந்தும் சொந்தமாகச் சொல்ல எதுவும் இல்லை. சிவப்புத் தலைப் பெண், ஆட்டம், குடி. அதற்குமேல் என்ன?

#11 பேஸ்விரல்

ஆட்டத்துக்கு வாசிக்கும் குழுவிடம் தத்துவம் கேட்கிறீர்கள். சனிக்கிழமை இரவு சில்வர் மூனுக்கு வந்தவர் எதைக் கேட்டு வந்தாரோ, அதைக் கொடுத்தார்கள்.

#12 கறார்காது

அப்படியானால் சில்வர் மூனோடு நின்றதில் குறை சொல்லவும் கூடாது. பழையதட்டின் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிவிட்டீர்கள்.

#13 மட்டுறுத்துநர்

எல்விஸா சக் பெர்ரியா என்ற கிளை விவாதத்தைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே பேசர்ஸைப் பற்றி மட்டும்.

#14 தந்திக்கம்பி

கறார்காது அவர்களே, உங்கள் கடைசி வரியைக் கையில் எடுத்துக்கொள்கிறேன். நானும் ஏறத்தாழ அதையே சொல்ல வந்தேன். ஆனால் நீங்கள் அதைத் தோல்வி என்கிறீர்கள்.

இசைத்தட்டை வைத்து ஒரு குழுவை அளப்பது பிற்காலத்தவர்களான நம் வசதி. நமக்குக் கிடைத்தது தட்டு மட்டும்தான், ஆகவே தட்டுதான் குழு என்று எண்ணுகிறோம். 1956-இல் நியூபோர்ட்டில் கணக்கு தலைகீழ். கையில் சன் தட்டு இருந்தால் பக்கத்து மாநில விடுதிக்காரரும் அழைப்பார், கூலி கூடும், ஜானி கேஷ், ராய் ஆர்பிசன் போன்றோருடன் ஊர் ஊராகப் போகலாம். தட்டு ஒரு விளம்பரம், சம்பாத்தியம் மேடையில். மனிதக் கோபுரமும் பூச்சி ஆட்டமும் எந்த ஒலிநாடாவில் பதியும்? சாம் பிலிப்ஸின் அறைக்குள் அவர்களால் கொண்டுபோக முடிந்தது அந்த மூச்சிரைப்பை மட்டும்தான். தட்டில் அது கேட்கிறது. ஜானி கேஷின் பாட்டு அறைக்குள் பிறந்த பாட்டு. ஒரு கதையை ஒருவர் காதில் சொல்லும் பாட்டு. அது தட்டுக்குப் பொருந்தும். இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் முடிவு முன்பே தெரிந்ததுதான்.

'சொந்தமாகச் சொல்ல எதுவும் இல்லை' என்றீர்கள். அவர் பாடிய பல பாட்டுகள் அன்று வெளிவரவே இல்லை. ஒலிநாடாவாகவே அலமாரியில் கிடந்தன. 1969-இல் சாம் நிறுவனத்தை ஷெல்பி சிங்கிள்டனுக்கு விற்றார். 1970-களில் பிரிட்டனின் சார்லி நிறுவனம் பழைய சன் பதிவுகளை வெளியிடத் தொடங்கியபோதுதான் வெளியாட்கள் அவற்றைக் கேட்டார்கள். ஆக, 1950-களின் உலகம் அந்தப் பாட்டுகளைக் கேட்டுவிட்டு நிராகரிக்கவில்லை. கேட்கவே இல்லை.

#15 நீலராகம்

இது நல்ல வாதம். ஆனால் சேகரிப்பாளர் ஆர்வம் பற்றிக் கறார்காது சொன்னதிலும் உண்மை இருக்கிறது. வெளிவராத ஒலிநாடா என்றாலே புதையல் என்று ஆகிவிடாது. சாம் பிலிப்ஸ் காது உள்ள மனிதர். சிலவற்றை அலமாரியில் வைத்ததற்குக் காரணம் இருந்திருக்கலாம்.

#16 பெண்டன்வில்வாசி

பிற்காலத்தையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் 1960-லேயே கதை முடிந்ததுபோல் ஆகிவிடும்.

சன் குழுமத்தின் இன்னொரு முத்திரையான பிலிப்ஸ் இன்டர்நேஷனலில் 'சேடிஸ் பேக் இன் டவுன்' வந்தது. அதோடு அந்த நிறுவனத்துடன் முடிந்தது. பிறகு ட்விட்டியோடு சில காலம் வாசித்தார் பர்ஜஸ். பேசர்ஸ் பெயரை, 1957 வாக்கில் டிரம்ஸுக்கு வந்து சேர்ந்த பாபி கிராஃபர்ட் தொடர்ந்து நடத்தினார். பர்ஜஸ் வேறு பெயரில் குழு வைத்தார். 1970-களில் ஊர் ஊராகப் போகும் விற்பனைப் பிரதிநிதியாக வேலை பார்த்தார். ராக் அண்ட் ரோல் பாடியவர் பை தூக்கிக்கொண்டு கடைக்கடையாக ஏறியதைச் சோகக் கதையாக எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஐம்பது வயதை நெருங்கும் குடும்பஸ்தர் மாதச் சம்பளம் வாங்கியதில் என்ன சோகம்?

1980-களின் நடுவில் சன் ரிதம் செக்‌ஷன் என்ற குழு உருவானது. மெம்பிஸின் பழைய கைகள் எல்லாம் அதில்: ராக் அண்ட் ரோல் ட்ரையோவின் கிட்டார்காரர் பால் பர்லிசன், எல்விஸின் டிரம்ஸ்காரர் டி.ஜே. ஃபொன்டானா, ஸ்டான் கெஸ்லர், மார்கஸ் வான் ஸ்டோரி, பியானோவில் ஸ்மூச்சி ஸ்மித். பர்ஜஸ் கிட்டாரோடு சேர்ந்தார். வெளிநாட்டு மேடைகள் வந்தன. 1992-இல் டேவ் ஆல்வினோடு 'டென்னஸி பார்டர்'. 1996-இல் இன்னொரு தொகுப்பு; தயாரித்தவர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ஈ ஸ்ட்ரீட் குழுவின் பேஸ்காரர் கேரி டாலன்ட். ஸ்பிரிங்ஸ்டீன் எழுதிய 'டைகர் ரோஸ்' அதில் இருக்கிறது. சொந்த ஊரில் பழைய தோழர்கள் லெஜண்டரி பேசர்ஸ் என்று மீண்டும் கூடினார்கள். கெர்ன் கென்னடி அதே பியானோவில்.

தந்திக்கம்பி சொன்ன ஜோன்ஸ்பரோ நினைவிருக்கிறதா, மது கிடைக்காமல் நியூபோர்ட்டுக்குக் கார் ஓட்டிய ஊர்? அங்குள்ள பல்கலைக்கழக வானொலியான கே.ஏ.எஸ்.யூ.வில் பர்ஜஸ் 'வி வான்னா பூகி' என்ற பெயரிலேயே வாராந்திர நிகழ்ச்சி நடத்தினார். முதுமையிலும் பாடிக்கொண்டே இருந்தார். 2017 ஆகஸ்டில் 88 வயதில் காலமானார்.

#17 மேளம்58

60 ஆண்டுகள் வாசித்தார்கள் என்பதை மதிக்கிறேன். ட்ரம்பெட் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை.

#18 பழையதட்டு

மாற வேண்டிய கட்டாயம் இல்லை, மேளம்58. அந்த ட்ரம்பெட்டுக்காகத்தானே நான் இந்த இழையையே தொடங்கினேன்.

தந்திக்கம்பி ஐயா, புதிதாகக் கேட்பவர்கள் எந்த வரிசையில் கேட்க வேண்டும்? எந்தப் பதிப்பு?

#19 தந்திக்கம்பி

முதலில் 'வி வான்னா பூகி'. அதை முடித்த கையோடு 'ரெட் ஹெடெட் உமன்'. ஒரே தட்டின் இரு பக்கங்கள், ஒரே மூச்சில் கேட்க வேண்டும். பிறகு 'ரெஸ்ட்லெஸ்', அதன் மறுபக்கமான 'எய்ன்ட் காட் எ திங்'. 'தண்டர்பேர்ட்' 1958-இல் வந்த பாடல் இல்லாத இசைத் துண்டு. குரலை ஒதுக்கிவிட்டுக் கைகளை மட்டும் கேட்க நல்லது. 'மை பக்கெட்' கேட்டால் ரிக்கி நெல்சன் பதிப்பையும் அடுத்துப் போடுங்கள். ரிக்கியின் பதிப்பு சுத்தமாக இருக்கிறது, கறார்காதுக்கும் மேளம்58-க்கும் பிடிக்கும்.

பதிப்பு என்று கேட்டால், ஒற்றை ஒலித்தடத்தில் (மோனோ) வந்ததை மட்டும் தேடுங்கள். 1969-க்குப் பின் நிறுவனம் கைமாறியபோது வந்த பல நெடுந்தட்டுகளில் மூல ஒலியை மின்னணு முறையில் ஸ்டீரியோவாகப் பிரித்துப் போட்டார்கள். பேஸ் ஒரு பக்கம் ஒழுகும், குரல் இன்னொரு பக்கம் மெலியும். பேஸ்விரல் சொன்ன ஹப்பர்டின் அறை அதில் பாதி காணாமல் போய்விடும். உறையில் 'ஸ்டீரியோ' என்று பெரிதாகப் போட்டிருந்தால் காசு கொடுக்காதீர்கள்.

#20 பேஸ்விரல்

செல்பேசியின் ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டு வந்து பேஸ் இல்லை என்று இங்கே எழுதாதீர்கள். ஹெட்போனாவது மாட்டுங்கள்.